செம்பூராங்கல் நிலத்தில் கிராமச் சாலை: எந்த மண்ணை எடுப்பது, எதைக் கலப்பது?

மலப்புரத்தில் தொடங்கி கண்ணூர், காசர்கோடு வழியாக மங்களூரு வரை கடலுக்கும் மலைக்கும் நடுவில் கிடக்கும் மேட்டுநிலத்தில் பெரும்பகுதி செம்பூராங்கல் என்கிற, இரும்பு மிகுந்த செந்நிறக் கல்தான். மலையாளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதே பெயர்தான் புழங்குகிறது. இந்த நிலத்தில் 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிராமச் சாலை போடுவதாக வைத்துக்கொள்வோம். தாருக்கும் ஜல்லிக்கும் கீழே வரும் சப்-பேஸ் அடுக்குக்கு எந்தப் பொருளைப் போடுவது?

நான்கு வழிகள் இருக்கின்றன. பக்கத்துக் குன்றின் மேல்பரப்பில் கிடைக்கும் செஞ்சரளையை அப்படியே போட்டு ரோலர் ஓட்டலாம். அதற்கும் கீழே இருக்கும் சிவப்பும் மஞ்சளும் கலந்த மண்ணை எடுத்துச் சுண்ணாம்போ சிமென்ட்டோ கலக்கலாம். இன்னும் கீழே போனால் வெண்மையும் இளஞ்சிவப்புமாக மிக எளிதாக வெட்டவரும் மண் இருக்கிறது. ஒப்பந்ததாரருக்கு அதுதான் மலிவு. எதுவும் வேண்டாம் என்றால் தூரத்துக் குவாரியிலிருந்து உடைகல் கொண்டுவரலாம்.

வழக்கமாக இந்த முடிவை லேப் அறிக்கையின் மூன்று எண்களை வைத்து எடுக்கிறார்கள்: லிக்விட் லிமிட் (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு), பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் என்கிற பிஐ (மண் பிசையவரும் நிலையில் இருக்கும் ஈர இடைவெளி), ஊறவைத்த சிபிஆர் (தண்ணீரில் ஊறிய மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதன் அளவு). வண்டல் மண்ணுக்கும் கரிசலுக்கும் அது போதும். செம்பூராங்கல் மண்ணுக்குப் போதாது. ஒரே பிஐ உள்ள இரண்டு செம்மண்கள் மழைக்காலத்தில் நேர் எதிராக நடந்துகொள்ளும். ஏனென்றால் அவற்றுக்குள் இருக்கும் கனிமங்கள் வேறு, அந்தக் கனிமங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விதமும் வேறு. அதனால் நான்கு வழிகளையும் முதலில் கனிமத்தை வைத்து ஒப்பிட்டு, அதற்குப் பிறகு எண்களுக்கு வரலாம் என்பதுதான் என் வாதம்.

மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் புக்கானன் 1807-ல் வெளியான தன் பயண நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். பூமிக்குள் இருக்கும்போது இரும்புக் கருவியால் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருப்பதும், வெட்டி வெளியே வைத்துக் காற்றுப் பட்டதும் செங்கல்லைப் போல் கெட்டியாவதும் அவர் கண்ணில் பட்டன. அந்தக் குன்றுக்கு அடியில் இருப்பது சார்னோக்கைட் பாறை. பல லட்சம் ஆண்டுகள் கனமழை அதன் ஊடாக இறங்கி, கால்சியத்தையும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கரைத்துக்கொண்டு போனது, சிலிக்காவிலும் ஒரு பகுதி போய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கின. அதனால் மேலிருந்து கீழே போகப் போக ஒவ்வோர் அடுக்கிலும் கனிமக் கலவை மாறிக்கொண்டே இருக்கிறது. மேலே கோதைட், ஹெமடைட் என்கிற இரும்புக் கனிமங்கள் நிறைந்த கெட்டியான மூடி. நடுவில் இரும்பும் கயோலினைட் என்ற வெள்ளைக் களிக் கனிமமும் திட்டுத்திட்டாகக் கலந்த மண். அடியில் இரும்பு வெளியேறிப்போன, கிட்டத்தட்டக் கயோலினைட்டும் குவார்ட்ஸும் மட்டுமே மிஞ்சிய வெளிர்மண். கண்ணூரில் மாடாயிப்பாறையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மேலே கருத்த செம்பூராங்கல் பாறை, அதன் சரிவில் சீனாக்களிமண் தோண்டிய சுரங்கம்.

களிமண் என்று கேட்டதும் பொறியாளருக்குப் பயம் வருகிறது. ஆனால் கயோலினைட் சாதுவான களி. கரிசல் மண்ணில் இருக்கும் ஸ்மெக்டைட்டைப் போல் அது தண்ணீரை உள்ளே இழுத்து ஊதாது. அதோடு செம்பூராங்கல் மண்ணில் அதன் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. இரும்பு ஆக்சைடு அவற்றை ஒட்டி, வெல்லப்பாகு பிடித்த கடலை உருண்டையைப் போலச் சிறு சிறு கட்டிகளாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கட்டி மணல்போல நடந்துகொள்ளும்: தண்ணீரை விடும், அமுங்காது. அதே கட்டியை லேப்பில் நன்றாகப் பிசைந்து உடைத்துவிட்டால் உள்ளே இருந்த களி வெளியே வந்து லிக்விட் லிமிட் ஏறிவிடும். 5 நிமிடம் பிசைந்தால் ஓர் எண், அரை மணி நேரம் பிசைந்தால் வேறு எண். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், களத்தில் ரோலரும் மண்வாரியும் அந்தக் கட்டியை எவ்வளவு உடைக்கின்றனவோ அதற்குப் பொருந்தியதுதான் உண்மை.

ஓவனில் காயவைப்பது இதற்கு நேர் எதிரான சிக்கல். 105 முதல் 110 டிகிரியில் காயவைத்தால் இரும்பு, அலுமினியக் கூழ்மங்கள் தண்ணீரை இழந்து துகள்களை இன்னும் இறுக்கிவிடுகின்றன. திரும்ப நனைத்தாலும் பழைய நிலைக்கு வருவதில்லை. ஹாலோசைட் என்ற களி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் அடுக்கு இடைவெளி 10 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 7 ஆங்ஸ்ட்ராமுக்குச் சுருங்கி அப்படியே நின்றுவிடும். லிக்விட் லிமிட் இறங்கும், மண்ணைக் குத்தி இறுக்கிப் பார்க்கும் காம்பாக்ஷன் சோதனையில் அடர்த்தி கூடும், அந்த அடர்த்தியைத் தரும் உகந்த ஈரம் குறையும். களத்தில் அந்த அடர்த்தி வரவே வராது, ஏனென்றால் களத்தில் யாரும் மண்ணை ஓவனில் வைப்பதில்லை. பிறகு ஒப்பந்ததாரருக்கும் மேற்பார்வையாளருக்கும் தகராறு. மலபாரில் ஹாலோசைட்டைவிடக் கயோலினைட்தான் பெரும்பான்மை என்பதால் இங்கே விளைவு கொஞ்சம் மிதமாக இருக்கும், ஆனாலும் இருக்கும்.

இதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு கென்யாவில் இருக்கிறது. நைரோபி நகரின் குடிநீருக்காக 1950-களில் கட்டப்பட்ட சசுமுவா அணைக்குக் கிடைத்த செங்களி, லேப் எண்களைப் பார்த்தால் அணை கட்டவே லாயக்கில்லாத மண். ஆனால் கெட்டித்தபின் நல்ல வலுவும் குறைந்த அமுக்கமும் காட்டியது. கார்ல் டெர்சாகி 1958-ல் இதை ஆராய்ந்து எழுதினார்: உள்ளே இருந்த களி ஹாலோசைட், துகள்கள் தனியாக இல்லாமல் கொத்துக்கொத்தாகப் பிணைந்திருந்தன என்பதே காரணம். மண் இயந்திரவியலுக்கே தந்தை என்று சொல்லப்படுபவர், எண் பொருந்தவில்லை என்று மண்ணை ஒதுக்காமல் கனிமத்தைத் தேடிப் போனார்.

சரி, நம் சாலைக்கு வருவோம்.

செஞ்சரளை முதலில். இதை நிராகரிக்க மிக எளிதான வழி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விவரக்குறிப்பில் இருக்கிறது: சப்-பேஸ் பொருளில் 425 மைக்ரான் சல்லடையைத் தாண்டும் பகுதிக்கு லிக்விட் லிமிட் 25-ஐயும் பிஐ 6-ஐயும் தாண்டக் கூடாது. நல்ல செஞ்சரளை பலவும் இதில் தோற்கும். ஆனால் இந்த வரம்பு குளிர்நாட்டுச் சரளைகளின் அனுபவத்திலிருந்து வந்த மரபு. பிரேசில் தன் செம்மண்ணுக்குத் தனி விதியே எழுதிக்கொண்டது. 2007-ல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட விவரக்குறிப்பு, லேட்டரைட் மண்ணுக்கு லிக்விட் லிமிட் 40 வரையும் பிஐ 15 வரையும் அனுமதிக்கிறது. அதுவும் சப்-பேஸுக்கு இல்லை, அதற்கு மேலே வரும் பேஸ் அடுக்குக்கே. கூடவே இரண்டு நிபந்தனைகள்: சிலிக்காவுக்கும் இரும்பு-அலுமினிய ஆக்சைடுகளுக்கும் உள்ள மூலக்கூறு விகிதம் 2-க்குக் கீழே இருக்க வேண்டும், ஊதல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது எண்ணைத் தளர்த்தியவர்கள் அந்த இடத்தில் கனிமச் சோதனையை வைத்தார்கள். சாவோ பாவ்லோ மாநிலத்தில் நுண்ணிய செம்மண்ணைக் கொண்டே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலைக்கு பேஸ் அடுக்கு போட்டிருக்கிறார்கள்.

நம்மால் அப்படியே செய்ய முடியுமா? மழையளவு வேறு, நிலத்தடி நீர் வேறு. மலபாரில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதனால் பிரேசில் எண்ணை இங்கே ஒட்டவைக்கச் சொல்லவில்லை. பிஐ 10 என்று வந்த செஞ்சரளையை அந்த ஒரு காரணத்துக்காகத் தூக்கி எறியாதீர்கள், அவ்வளவுதான். 4 நாள் ஊறவைத்த சிபிஆர் நன்றாக இருந்து, சரளை கெட்டியாகவும் இருந்தால் அது பயன்படும் பொருள்.

அந்தக் கெட்டியைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். இரும்பு நன்கு படிகமாகி நீர் நீங்கிய, கறுஞ்சிவப்பான சரளை ரோலரைத் தாங்கும். மஞ்சளாக, கையால் நசுங்கும் சரளை ரோலரின் அடியில் மாவாகிவிடும். லேப்புக்குப் போனபோது சரளையாக இருந்தது, சாலையில் கிடக்கும்போது சேற்று மண்ணாகியிருக்கும். மென்மையான கற்களை நனைத்து, எடையால் அடித்துப் பார்க்கும் மோதல் சோதனைக்கு ஐஎஸ் 5640 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. சாதாரண மோதல் சோதனையைக் காட்டிலும் இதையே கேளுங்கள். சல்லடைச் சோதனையையும் ரோலர் ஓட்டிய பிறகு ஒரு தடவை திரும்பச் செய்யுங்கள். லேப்பில் காம்பாக்ஷன் சோதனையின்போது ஒரே மண்ணைத் திரும்பத் திரும்பக் குத்தாமல் ஒவ்வொரு புள்ளிக்கும் புது மண் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சரளை உடைந்து, ஈரத்துக்கும் அடர்த்திக்கும் வரையும் வளைகோடே மாறிவிடும்.

அடர்த்தியிலும் ஒரு மயக்கம் உண்டு. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பது) 2.65, கயோலினைட்டுக்கும் ஏறக்குறைய அதே. கோதைட் 4-ஐத் தாண்டும், ஹெமடைட் 5-ஐத் தாண்டும். இரும்பு மிகுந்த சரளையில் மொத்த ஒப்படர்த்தி 3.0 வரை போகலாம். களத்தில் உலர் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 2.1 கிராம் வந்தால் மேற்பார்வையாளர் மகிழ்ந்துவிடுவார். ஒப்படர்த்தி 2.65 என்று எடுத்துக் கணக்கிட்டால் வெற்றிடம் 21 விழுக்காடு, 3.0 என்று எடுத்தால் 30 விழுக்காடு. அடர்த்தி கூடியது இறுக்கத்தால் இல்லை, இரும்பின் எடையால். ஒப்படர்த்தியை அந்தந்த மண்ணுக்கே அளக்காமல் வழக்கமான எண்ணைப் போட்டுக் கணக்கிடும் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இனி நடு அடுக்கு மண். இதைத் தனியாகப் போட்டால் மழையில் தாங்காது, எதையாவது கலக்க வேண்டும். சுண்ணாம்பா, சிமென்ட்டா என்ற கேள்விக்குக் கனிமம் நேரடியாகவே பதில் சொல்கிறது. சுண்ணாம்பு தானாக வலுத் தருவதில்லை. மண்ணில் உள்ள களியிலிருந்து சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்தெடுத்து அவற்றோடு சேர்ந்துதான் பிணைப்பை உண்டாக்குகிறது. கயோலினைட் இருந்தால் அதற்குத் தீனி உண்டு. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் மலபாரின் வெப்பத்தில் அந்த மெதுவும் ஓரளவு வேகமாகும். சிலிக்கா முழுவதும் கழுவப்பட்டு, கிப்சைட் என்ற அலுமினியக் கனிமமும் கோதைட்டுமே மிஞ்சிய மண்ணில் சுண்ணாம்புக்கு வேலையே குறைவு. காசர்கோடு மாவட்டத்தில் நீலேஸ்வரம் பக்கம் கிப்சைட் மிகுந்த பாக்சைட் படிவுகள் இருக்கின்றன. நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் சார்னோக்கைட் மேல் இருப்பதும் அதுவே. அந்த இடங்களில் வழக்கமான 3 முதல் 6 விழுக்காடு சுண்ணாம்பைக் கலந்துவிட்டு வலு வரவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவது வீண் செலவு.

சிமென்ட் தன் பிணைப்பைத் தானே கொண்டுவரும், மண்ணின் கனிமத்தை அவ்வளவு நம்பியிருக்காது. அதனால் கிப்சைட் மண்ணுக்கும் மணற்பாங்கான மண்ணுக்கும் சிமென்ட்டே மேல். பிஐ 20-ஐத் தாண்டிவிட்டால் சிமென்ட்டைச் சீராகக் கலப்பதே கஷ்டம்; உருண்டை உருண்டையாக நிற்கும். அங்கே சுண்ணாம்பு முதலில் மண்ணைப் பொடியாக்கித் தரும். நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிமென்ட் கலந்தால் சில மணி நேரத்துக்குள் ரோலர் ஓடி முடிந்தாக வேண்டும். டிப்பர் தாமதமானால் கலவை பாழ். சுண்ணாம்பு பொறுத்துக்கொள்ளும், ஆனால் வலு ஏற வாரக்கணக்கில் ஆகும். மே கடைசியில் சுண்ணாம்பு கலந்து ஜூனில் மழையை வரவேற்பது தெரிந்தே செய்யும் தவறு. பிப்ரவரியில் போட முடியாத வேலைக்குச் சுண்ணாம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரசாயனப் பகுப்பாய்வு மட்டும் இருந்தால் இங்கே ஏமாறலாம். மேலே சொன்ன சிலிக்கா விகிதம் 1.33-க்குக் கீழே இருந்தால் லேட்டரைட், 1.33-லிருந்து 2 வரை லேட்டரைட் தன்மையுள்ளது, அதற்கு மேல் லேட்டரைட் இல்லை என்பது பழைய வகைப்பாடு. ஆனால் சிலிக்கா என்று அளந்தது கயோலினைட்டுக்குள் இருப்பதா, வெறும் குவார்ட்ஸ் மணலா என்று அந்த எண் சொல்லாது. சுண்ணாம்புக்குக் குவார்ட்ஸ் பெரிதாக உதவாது. எக்ஸ்ரே சிதறும் விதத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் செய்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இன்னொன்று, மண்ணைச் சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் சோதனை: கிப்சைட்டும் கோதைட்டும் 300 டிகிரியை ஒட்டித் தண்ணீரை இழக்கும், கயோலினைட் 500 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இழக்கும். பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இந்தக் கருவிகள் இருக்கின்றன. ஒரு குழிக்கு இரண்டு மாதிரி அனுப்பினாலே முடிவுக்குப் போதும். ஒரு கிலோமீட்டர் சாலையின் செலவோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை.

மூன்றாவது வழியான வெளிர்மண்ணை மங்களூருப் பக்கம் ஷேடி மண் என்பார்கள். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். பிஐ பெரும்பாலும் குறைவு, ஊதலும் கிடையாது. லேப் அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்குச் செஞ்சரளையைவிட இதுவே நல்ல மண்ணாகத் தோன்றும்! ஆனால் இரும்புப் பிணைப்பு இதில் இல்லை. வண்டல்போன்ற துகள்கள் இடையில் மிஞ்சிய கொஞ்ச ஈரத்தின் இழுவிசையால்தான் நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் நிறைந்ததும் அந்த இழுவிசை போய்விடுகிறது, வலுவும் கூடவே போகிறது. மண் தண்ணீரோடு கரைந்து ஓடும். கொங்கண் கரையில் ரயில்பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் வெட்டிய சரிவுகள் மழைக்காலத்தில் சரிவதற்கு இந்த அடுக்கும் ஒரு பெரிய காரணம்: மேலே கெட்டியான செம்பூராங்கல், அடியில் நனைந்து இளகும் ஷேடி. சூரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகமான என்ஐடிகே-யில் இந்த மண்ணுக்குச் சிமென்ட்டும் உலைக்கழிவுத் தூளும் கலந்து வலுவூட்டும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, பலனும் கிடைத்திருக்கிறது. ஆனால் பஞ்சாயத்துச் சாலையில் அந்த அளவுக் கட்டுப்பாட்டோடு கலவை போடுவார்கள் என்று நான் நம்பவில்லை. கலக்காமல் போடுவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

உடைகல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலை செய்யும், தண்ணீரை வடிக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். செலவும் தூரமும் மலையைக் குடைவதும்தான் தடை. லாரி நிறைய ஓடும் சாலை என்றாலோ, பள்ளத்தில் வயலை ஒட்டி நிலத்தடி நீர் மேலே இருக்கும் நீளத்திலோ இதையே போடுங்கள். செஞ்சரளை எவ்வளவு நல்லதானாலும் அது வடிகால் அடுக்கு ஆகாது.

எனவே மேட்டில் போகும் சாதாரணக் கிராமச் சாலை என்றால் என் தேர்வு மேல் அடுக்குச் செஞ்சரளை, கலவை எதுவும் இல்லாமல். அது போதாத அளவில் கிடைத்தால் நடு அடுக்கு மண்ணைச் சேர்த்து, கயோலினைட் மிகுதியாகவும் பிஐ கூடுதலாகவும் இருந்தால் சுண்ணாம்பு, கிப்சைட் மிகுதியாகவோ மணற்பாங்காகவோ இருந்தால் சிமென்ட். வயலைத் தாண்டும் துண்டில் மட்டும் உடைகல்.

கருவி எதுவும் இல்லாத இடத்திலும் மூன்று காரியம் செய்யலாம். குழியிலிருந்து எடுத்த மண்கட்டியைக் காயவைத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: இரும்பு பிடித்தது ராத்திரி முழுக்க நிற்கும், ஷேடி சில நிமிடங்களில் சரிந்துவிடும். மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்றைக் குழியின் ஈரத்திலேயே, ஒன்றை நிழலில் உலர்த்தி, ஒன்றை ஓவனில் வைத்து லிக்விட் லிமிட் பாருங்கள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வழக்கமான அறிக்கையை நம்பலாம், விலகினால் குழி ஈரத்தில் எடுத்த எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிசையும் நேரத்தை மாற்றியும் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம் ஒப்பந்தத்தில் மண் எடுக்கும் குழியின் பெயரோடு ஆழத்தையும் எழுத வேண்டும். சோதனைக்குப் போனது மேலிருந்து 2 மீட்டருக்குள் எடுத்த சரளையாக இருக்கும். வேலை நடக்கும்போது மண்வாரி 6 மீட்டருக்குப் போயிருக்கும், குழி அதே குழிதான் என்பார்கள். வெளிர்நிறம் தெரிந்ததும் அந்தக் குழியை மூடிவிட்டுப் பக்கவாட்டில் நகர வேண்டும், அங்கிருந்து புது மாதிரி லேப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்.